'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று சொல்வது யார்?

மன்னார் தீவில் ஒரு வாசிகசாலை. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் கரைச்சல் அங்கே புத்தகங்களைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குத்தான். ஆறு அலுமாரி, ஏறத்தாழ மூவாயிரம் புத்தகம், பத்திரிகை போட ஒரு நீட்டு மேசை. சில வருடங்களுக்கு முன் அங்கே ஒரு திறப்பு விழா நடந்தது. ரிபன் வெட்டினார்கள், ரோல்ஸும் பிளேன்ரீயும் கொடுத்தார்கள், 'ஸ்மார்ட் லைபிரரி' என்று பெரிய பனர் கட்டினார்கள். வெளியூர் நிறுவனம் ஒன்று வந்து நூலக மென்பொருளைச் சேர்வரில் ஏற்றி, அதற்கு ஒரு வெப் முகப்பும் போட்டுத் தந்திருந்தது. இனிப் புத்தகம் தேட அலுமாரியைக் கிண்டத் தேவையில்லை, போனிலேயே தேடலாம் என்றார்கள். நானும் கை தட்டினேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு பிள்ளை வந்தாள். ஏ.எல். படிக்கிறவள், சொந்த ஊர் எருக்கலம்பிட்டி. பிறந்தது புத்தளத்தில். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார் தீவின் முஸ்லிம்கள் கடல் வழியாகக் கற்பிட்டிப் பக்கம் போனார்கள். அப்படிப் போன ஒரு குடும்பம், பிறகு திரும்பி வந்தது. தன் ஊரின் பழைய கதை வேண்டும் என்று தேட வந்திருந்தாள். கொம்பியூட்டரில் 'எருக்கலம்பிட்டி' என்று தமிழில் அடித்தாள். ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. முடிவுகள் எதுவும் இல்லை.

"மிஸ், எங்கட ஊரப் பத்தி இங்க ஒண்டுமே இல்லையாம்."

அக்கா எழும்பிப் போய் மூன்றாவது அலுமாரியைத் திறந்தார். ஒரு பாடசாலை மலர், ஒரு ஊர் வரலாற்றுச் சிறுநூல், ஒரு பள்ளிவாசல் நினைவு மலர். மூன்றையும் எடுத்து அவள் முன்னால் வைத்தார். அன்றைக்கு அக்கா அங்கே இருந்தபடியால் சரி. இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை ஸ்கிரீனை நம்பிவிட்டுப் போயிருப்பாள். தன் ஊரைப் பற்றி உலகத்தில் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டு போயிருப்பாள்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது. ஒரு மென்பொருளுக்கு வெப் முகப்பு அமைப்பதை நாங்கள் கடைசி வேலையாக, பெயின்ற் பூசுகிற வேலையாக நினைக்கிறோம். சேர்வர் ஓடுது, டேட்டாபேஸ் ஓடுது, முகப்பு என்ன, யாரோ ஒரு பெடியன் போட்டுத் தருவான். நான் சொல்கிறேன், வாசகருக்கு அந்த முகப்புத்தான் நூலகம். அது 'இல்லை' என்றால் அலுமாரியில் இருக்கிற புத்தகமும் இல்லாத புத்தகம்தான். அதனால் அதை யார் அமைக்கிறார்கள், எந்த மொழியில் அமைக்கிறார்கள், அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பது தொழில்நுட்பக்காரர் மட்டும் பேசி முடிக்கிற விசயம் இல்லை.

ஏன் அந்தத் தேடல் பொய் சொன்னது? மென்பொருளில் கோளாறு இல்லை. அவர்கள் போட்டது கோஹா. இலவச, திறந்த மூல நூலக மென்பொருள். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான நூலகங்களில் ஓடுவது. கோளாறு அமைத்த விதத்தில். பிறகு நாங்கள் தோண்டிப் பார்த்தபோது மூன்று பிழைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன.

முதலாவது, பாமினி. எங்கட ஊரில் தமிழ் ரைப் பண்ணப் பழகிய எல்லோருக்கும் பாமினி தெரியும். அது ஒரு எழுத்துரு, அவ்வளவுதான். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேசம் போட்டு விடுகிற எழுத்துரு. 'இலங்கை' என்று பாமினியில் அடித்தால் கொம்பியூட்டருக்குள் போய் உட்காருவது கமா, வை, கியூ, செமிகோலன், ஐ, எஃப். எங்கள் கண்ணுக்கு இலங்கை. மெஷினுக்கு ஒரு குப்பை. வாசிகசாலையின் பழைய எக்செல் பட்டியலில் பாதி பாமினியில் இருந்தது. அதை அப்படியே ஏற்றினார்கள். அந்தத் தலைப்புகளை யூனிகோட் தமிழில் எவ்வளவு தேடினாலும் வராது. பாமினியை யூனிகோட்டாக மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. இலங்கையில் தமிழுக்கு யூனிகோட் அடிப்படையிலான எஸ்எல்எஸ் 1326 தரம் 2008 முதல் இருக்கிறது. எல்லாம் இருந்தும் ஒருவரும் செய்யவில்லை.

இரண்டாவது, குப்பை எழுத்து ஸ்கிரீனில் வந்ததைப் பார்த்ததும் மிச்சப் புத்தகங்களை ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டார்கள். தமிழ்ப் புத்தகத்தின் தமிழ்த் தலைப்பு ஆங்கில எழுத்தில். அதிலும் ஒரே ஊருக்கு மூன்று விதமான எழுத்துக்கூட்டல். தாழ்வுபாட்டைத் தமிழிலேயே 'ப்' போட்டும் போடாமலும் எழுதுகிற ஆட்கள் நாங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் கேட்கவும் வேண்டுமா?

மூன்றாவது, தேடல் இயந்திரம். கோஹாவோடு வழக்கமாக வருவது ஸீப்ரா என்ற தேடல் இயந்திரம். அது இயல்பாக வருகிற அமைப்பு ஐரோப்பிய எழுத்துகளை மனதில் வைத்தது. தமிழ் போன்ற எழுத்துகளுக்கு அதை ஐசியூ என்ற முறைக்கு மாற்றிவிட்டு, அட்டவணையைத் திரும்ப முழுதாகக் கட்ட வேண்டும். அமைப்புக் கோப்பில் சில வரிகள், பிறகு ஒரு கட்டளை, மூவாயிரம் புத்தகத்துக்கு ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம் கூட ஆகாது. அதையும் செய்யவில்லை. ஆகவே ஒழுங்காக யூனிகோட்டில் இருந்த கொஞ்சப் புத்தகமும் தேடலில் ஒழுங்காக வரவில்லை.

இந்த மூன்றையும் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. திறப்பு விழா அன்று ரிபன் வெட்டுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் தன் ஊரின் பெயரைத் தமிழில் அடித்துப் பார்த்திருந்தால் போதும். ஒருவரும் அடிக்கவில்லை. நான் உட்பட.

அடுத்தது இன்னும் மோசம். ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு நாள் அந்த முகவரி திறக்கவில்லை. சேர்வர் எங்கேயோ வாடகை இடத்தில் இருந்திருக்கிறது. புரொஜெக்ட் காசு முடிய வாடகையும் முடிந்தது. பாஸ்வேர்ட் யாரிடம்? அமைத்தவரிடம். அவர் வேலை மாறிப் போய்விட்டார். பிரதி எடுத்து வைத்தார்களா? கோஹா தினமும் தானே ஒரு பிரதி எடுத்து வைக்கும், உண்மை. ஆனால் அதே சேர்வருக்குள்ளே வைக்கும். வீட்டுச் சாவியின் இரண்டாம் பிரதியை அதே வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போன கதை. அக்கா பகல் முழுக்க இருந்து திருத்தி ஏற்றிய பதிவுகள் எல்லாம் போய்விட்டன. மிஞ்சியது அவர் கையால் எழுதி வைத்திருந்த பதிவுக் கொப்பி. அதை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள், "இனி அது தேவையில்லை அக்கா" என்று. நல்ல காலம், அவர் கேட்கவில்லை.

யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததை நாங்கள் ஒவ்வொரு வருடமும் நினைவுகூருகிறோம். நினைவுகூரத்தான் வேண்டும். அதையும் இதையும் ஒன்றாக்கிப் பேச நான் வரவில்லை. அது ஒரு குற்றம், செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். எரிந்த 97,000 நூல்களுக்காக அழுகிற நாங்கள், வாடகை கட்டாமல் அழிந்த ஒரு பட்டியலுக்கு ஏன் வெட்கப்படவும் இல்லை? எதிரி வந்து அழித்தால் வரலாறு, நாங்களே கவனிக்காமல் விட்டால் 'டெக்னிக்கல் பிரச்சினை' என்றா?

இனி எனக்கு வழக்கமாக வருகிற பதில்களுக்கு வருகிறேன்.

"இங்க்லிஷ் படிச்சா நல்லம்தானே? பெடியள் பழகட்டும்." இதை எங்கட ஆட்களே சொல்கிறார்கள். ஆங்கிலம் படிப்பது நல்லது, நானும் படித்தேன். ஆனால் நூலகத்தின் கதவு ஆங்கில வகுப்பு இல்லை. கருவாடு காய வைத்துவிட்டுப் பின்னேரம் பேப்பர் பார்க்க வருகிற ஐயா, தன் பேரப்பிள்ளைக்கு ஒரு கதைப் புத்தகம் தேடுவதற்கு முன்னால் ஆங்கிலம் படித்துவிட்டு வர வேண்டுமா? 1987இன் 13ஆவது திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்று சொன்னது. அதற்காக எங்கட பெரியவர்கள் எத்தனை வருடம் கத்தினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கந்தோர் கவுண்டரில் தமிழில் படிவம் இல்லாவிட்டால் நாங்கள் சண்டை பிடிக்கிறோம். ஆனால் எங்கட சொந்த வாசிகசாலை, எங்கட சொந்தச் சங்கம், எங்கட சொந்தப் பாடசாலை ஆங்கில முகப்பை வைத்திருந்தால் அது 'ஸ்மார்ட்' ஆகிவிடுகிறது. கொழும்பிடம் கேட்பதை நாங்களே எங்களுக்குத் தராவிட்டால் அந்தக் கோரிக்கைக்கு என்ன மரியாதை?

"தமிழில் போட்டாலும் ஒருவருக்கும் விளங்காது." இதில் பாதி உண்மை இருக்கிறது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். நான் முதலில் மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது புத்தகம் எடுத்துக்கொண்டு போவதற்கு 'வெளிச்செல்கை' என்று போட்டேன். அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இது சுங்கத்தில போடுற வேலையோ?" என்றார். அவர் கொப்பியில் எழுதுவது 'எடுத்தது', 'தந்தது', 'பிந்தினது'. அதையே போட்டோம். இரண்டு நாளில் அவருக்கு முழு முகப்பும் கைவந்தது. தமிழ் விளங்காது என்பது பொய். வேலை செய்கிறவரிடம் கேட்காமல் அகராதியிடம் மட்டும் கேட்டு எழுதிய தமிழ்தான் விளங்காது. கோஹாவின் மொழிபெயர்ப்பை உலகெங்கும் தொண்டர்கள்தான் வெப்பில் இருந்தபடியே செய்கிறார்கள். நாங்களும் அதில் சேரலாம். ஒரு பொத்தானின் பெயரை மாற்றுவதற்கு யாரிடமும் அனுமதிக் கடிதம் கேட்கத் தேவையில்லை.

இதற்கு முன்மாதிரி வெளியில் தேட வேண்டியதும் இல்லை. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியபோது யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து அபுதாபியில் வேலை செய்துகொண்டிருந்த இ. மயூரநாதன் முதலில் செய்த வேலைகளில் ஒன்று அதன் இடைமுகத்தைத் தமிழாக்கியது. கட்டுரைகள் பிறகு வந்தன. முகப்பு தமிழில் இருந்ததால்தான் வருகிறவர்கள் அதைத் தமிழ் இடமாக உணர்ந்தார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் வலைத்தளமும் அதே மீடியாவிக்கி மென்பொருளில்தான் வளர்ந்தது. ஈழத்துப் புத்தகமோ பழைய பத்திரிகையோ தேடுகிற ஒவ்வொருவரும் இன்றைக்கு அங்கேதான் போகிறோம். ஒருவரும் எங்களுக்குக் கட்டித் தந்ததில்லை அது. தொண்டர்கள் ஏற்றினார்கள், தமிழில் ஏற்றினார்கள், தமிழில் தேடக்கூடியதாக ஏற்றினார்கள்.

"இதெல்லாம் பெரிய இடத்தில் செய்கிற வேலை, எங்களால ஏலாது." கோஹா எங்கே பிறந்தது தெரியுமா? நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்கிற சிறிய மாவட்டத்து நூலகங்களில். 1999இல் அவர்களுடைய பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்தது. புதியது வாங்கக் காசு கட்டுபடியாகவில்லை. கிளைகளைச் சாதாரண டெலிபோன் லைனில் இணைக்க வேண்டியிருந்தது. அதனால் கட்டிப்போ என்ற சின்னக் கம்பனியோடு சேர்ந்து, பிரவுசரில் திறக்கிற மென்பொருளாகவே எழுதினார்கள். 2000 ஜனவரி 3 அன்று அது ஓடத் தொடங்கியது. பிறகு இலவசமாக உலகத்துக்கே கொடுத்தார்கள். கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு, வாங்கியவர் பதிலுக்கு ஒன்று செய்வார் என்ற எண்ணத்தோடு கொடுக்கிற அன்பளிப்பு. 2011இல் ஒரு அமெரிக்கக் கம்பனி அந்தப் பெயரையே நியூசிலாந்தில் தன் வணிகக்குறியாகப் பதியப் பார்த்தது. நூலகம் சண்டை பிடித்தது, உலகம் முழுக்க இருந்து ஆட்கள் துணை நின்றார்கள், கடைசியில் பெயர் நூலகத்தின் பக்கமே நின்றது. அவர்களும் சின்ன ஊர்தான். அவர்களுக்கும் லைன் ஸ்லோதான்.

இலங்கையிலும் நடந்திருக்கிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு சில நாட்களிலேயே கொழும்பில் மென்பொருள் தொண்டர்கள் கூடி 'சஹன' என்ற நிவாரண மென்பொருளை எழுதினார்கள். காணாமல் போனவர்கள், முகாம்கள், பொருட்கள் எல்லாவற்றையும் பலர் பல இடத்தில் இருந்து பதிய வேண்டும் என்பதால் அதுவும் வெப் முகப்புள்ள மென்பொருளாகவே வந்தது. 2005 பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் 2010 ஹெயிட்டி பூகம்பத்துக்கும் அது பயன்பட்டது. 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது அதற்குக் கிடைத்தது. இந்தத் தீவில் இருந்து உலகத்துக்குச் சேர்வர் மென்பொருள் போயிருக்கிறது. மன்னாரில் ஒரு வாசிகசாலைக்குப் போடுவதற்கு மட்டும் எங்களால் ஏலாதோ?

"ஃபேஸ்புக் பேஜ் இருக்கு, கூகுள் சீட் இருக்கு, பிறகென்ன?" இதுதான் எங்கட வயதுக்காரர் அதிகம் சொல்வது. கூகுள் சீட் கெட்டதில்லை, அவசரத்துக்கு நல்லது. ஆனால் யாருடைய ஈமெயிலில் அது இருக்கிறது? அந்தப் பெடியன் கனடாவுக்குப் போனால் என்ன நடக்கும்? யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள் என்பது ஒரு ஆளின் மனதைப் பற்றிய தகவல். எங்கட ஊரில் யார் என்ன வாசிக்கிறார் என்று பார்க்க ஆசைப்பட்டவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள், இப்பவும் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலை லிங்க் கிடைத்த எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைக்கலாமா? கோஹாவில் வாசகருக்கு ஒரு வாசல், ஊழியருக்கு வேறு வாசல். இரண்டாவதை வெளியில் திறக்காமல் வாசிகசாலைக்குள் மட்டும் வைக்கலாம்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்?

ஒரு கந்தோர் கழித்துவிட்ட கொம்பியூட்டர் எடுத்தோம். நாலு ஜிபி ரம். சின்ன வாசிகசாலைக்கு அது காணும். அதில் டெபியன் லினக்ஸ் போட்டோம். கோஹாவின் பொதியை ஏற்றி, அப்பாச்சியும் மரியாடிபியும் ஓட வைத்து, எங்கட வாசிகசாலையின் பெயரில் ஒரு தளத்தை உருவாக்கினோம். பிறகு பிரவுசரைத் திறந்தால் மிச்சத்தை அதுவே படிப்படியாகக் கேட்கிறது: எந்த மொழி, எந்த வகைப் பதிவு முறை, நூலகத்தின் பெயர், முதல் ஊழியரின் பெயர். பயப்பட வேண்டியது அந்தக் கறுப்பு ஸ்கிரீனுக்கு மட்டும்தான், அதுவும் ஒரு நாளைக்கு. எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் சனி, ஞாயிறு முழுதாகப் போனது. ஒரு முழுப் பின்னேரம் போனது ஒரே ஒரு எழுத்துப் பிழையில். அதைக் கண்டுபிடித்தவள் எங்களில் ஆகச் சின்னவள்.

அந்தப் பெட்டி வாசிகசாலையின் மூலையிலேயே இருக்கிறது. ஒரு பழைய ரவுட்டர். வருகிறவர்கள் அந்த வைஃபையைப் பிடித்துப் போனில் தேடலாம், டேட்டா போகாது. இன்டர்நெட் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் போன நாட்களைக் கண்ட ஆட்கள் நாங்கள். கரண்ட் போனால் எதுவும் நிற்கும்தான். ஆனால் வந்ததும் எங்கட பெட்டி எழும்பும், யாருக்கும் போன் எடுத்துக் கெஞ்சத் தேவையில்லை. ஒரு சின்ன யூபிஎஸ் போட்டிருக்கிறோம், திடீரென்று நிற்காமல் ஒழுங்காக மூடுவதற்கு.

அக்கா தன் கொப்பியைப் பார்த்து ஒவ்வொரு புத்தகமாகத் தமிழில் பதிந்தார், நாங்கள் முறை போட்டு உதவினோம். இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: சேர்வர் அமைக்க இரண்டு நாள், புத்தகம் பதிய ஐந்து மாதம். புகழ் எல்லாம் இரண்டு நாள் வேலைக்கே போகிறது. திறப்பு விழா மேடையில் அக்காவுக்குக் கதிரை கூடப் போடவில்லை. 'ஐடி' என்றால் பெடியள் செய்வது, பதிவது என்றால் பெண்கள் செய்வது என்ற இந்தப் பிரிவும் எங்கட கண்ணுக்கு முன்னால்தான் நடக்கிறது. இப்போது சேர்வரின் முதன்மைப் பாஸ்வேர்ட் அக்காவிடம் இருக்கிறது.

ஊர்ப் பெயர்களுக்கு ஒரு வேலை செய்தோம். ஒரு பெயரைத் தேடினால் அதன் மற்ற வடிவங்களையும் கொண்டுவரச் சொல்லி வைக்கக் கோஹாவில் வழி இருக்கிறது. மாந்தை என்று அடித்தால் மாதோட்டமும் வரும். தாழ்வுபாடு எப்படி எழுதினாலும் வரும். கூத்துகளின் பெயர்களுக்கும் அப்படியே. எண்டிறீக்கு எம்பரதோரை எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தால் தலை சுத்தும். எந்த வெளியூர் நிறுவனத்துக்கும் இந்தப் பட்டியல் தெரியாது. அவர்களைக் குற்றம் சொல்லியும் பிரயோசனமில்லை. இது எங்களுக்கு மட்டும் தெரிந்த விசயம், ஆகவே எங்கட வேலை.

ரயில் வரும்போது இரண்டு பக்கமும் பாருங்கள். தீவின் தெற்குக் கரையில் தம்பபவனிக் காற்றாலைகள் 2020 முதல் சுற்றுகின்றன, முப்பது கோபுரங்கள். காற்று எங்கட கரையில் அடிக்கிறது, என்ன செய்வது என்கிற முடிவு வேறெங்கோ எடுக்கப்படுகிறது. அதற்கு எதிராக 2025இல் மன்னார்ச் சனம் றோட்டில் இறங்கியது. நல்லது. ஆனால் மூலையில் இருக்கிற ஒரு கொம்பியூட்டர் காற்றாலை இல்லை. அதற்கு ஆயிரம் கோடி வேண்டாம், அமைச்சர் வேண்டாம். அதன் முடிவைக் கூட வேறெங்கோ எடுக்க விட்டுவிட்டு, 'எங்கட மண், எங்கட உரிமை' என்று பதாகை பிடித்தால் நானே என்னைப் பார்த்துச் சிரிப்பேன்.

ஆகவே வாசிகசாலையோ, மீனவர் சங்கமோ, பாடசாலையோ, யாராவது 'சிஸ்டம் போட்டுத் தாறம்' என்று வந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நாலு விசயம் கேளுங்கள். தமிழில் எங்கட ஊர்ப் பெயரை இப்போதே அடித்துக் காட்டு. எல்லாப் பாஸ்வேர்டும் எழுதி உறையில் போட்டு எங்கட அலுமாரியில் வை. கிழமைக்கு ஒரு பிரதி பென்டிரைவில் வேறு வீட்டுக்குப் போக வேண்டும், அதைத் திரும்ப ஏற்றிக் காட்டு. எங்கட ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் தங்கட கையாலேயே முழுதாக ஒரு தடவை அமைக்க வேண்டும், நீ பக்கத்தில் நின்று பார். இந்த நாலுக்கும் ஓம் சொல்லாதவர் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். கொப்பியே போதும்.

எங்கட பக்கக் குறையையும் சொல்லிவிட்டுப் போகிறேன். எங்கட பெட்டி பழசு, ஹார்ட் டிஸ்க் எப்போது போகும் என்று தெரியாது. தமிழ் முகப்பில் இன்னும் ஆங்கிலம் எட்டிப் பார்க்கும் இடங்கள் நிறைய. பாமினிப் பட்டியலில் மாற்றும்போது சிதைந்த தலைப்புகள் சில இன்னும் கிடக்கின்றன. மூன்று பேரில் ஒருவன் போன மாதம் கட்டாருக்குப் போய்விட்டான். அதனால்தான் இதை எழுதுகிறேன், ஆள் வேண்டும்.

எருக்கலம்பிட்டிப் பிள்ளை இப்போது கம்பஸில். லீவுக்கு வந்தபோது வாசிகசாலைக்கு வந்தாள். தன் ஊர்ப் பெயரை அடித்துப் பார்த்தாள். பதினொன்று வந்தது. அதில் இரண்டு அவள் வீட்டில் இருந்து கொண்டுவந்து கொடுத்தவை. "இன்னும் இருக்கு மிஸ், வாப்பாட பெட்டியில" என்றாள். அக்கா, அடுத்த முறை வரும்போது கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.

உங்கட ஊர் வாசிகசாலையில் தூசி பிடித்த ஒரு கொம்பியூட்டர் இருக்கும். ஒரு சனிக்கிழமை போய் அதைத் திறந்து பாருங்கோ. லினக்ஸ் தெரியாவிட்டால் எங்களுக்கு எழுதுங்கோ, வந்து சொல்லித் தாறம். ஆனால் கீபோர்டில் எங்கட கை படாது, உங்கட கைதான் அடிக்க வேண்டும்.